எட்டுக் குமிழும் ஒரு மதிப்புச் சீட்டும்

போன வாரம் நம் இசைக்கருவி ரிப்பேர்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி மேண்டலின் படம் ஒன்றைப் போட்டு, எந்தக் காலத்துது, எவ்வளவு போகும் என்று கேட்டிருந்தார். பத்து நிமிஷத்தில் பதினேழு பதில். ஒருவர் இத்தாலி என்றார், ஒருவர் ஜெர்மனி என்றார். இன்னொருவர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் நாற்பதாயிரம் என்று விலையே சொல்லிவிட்டார். நான் ஒன்றும் எழுதவில்லை. கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிற கிழவனுக்குப் பொறாமை என்று நினைத்திருப்பீர்கள். பொறாமை இல்லை, பயம். அந்தப் பதினேழு பேரின் வேகத்தையும் ஒரே ஆளாக வைத்திருந்தவன் நான். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று எழுதிப் போடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நீங்கள் ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பாதியைக் கொடுத்தால் படித்துவிடலாம்.

புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் முப்பத்தைந்து வருஷம் இசைக்கருவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஆர்மோனியம், வயலின், கிட்டார், பஜனைக் கோஷ்டி டோலக்கு, சர்ச் கீபோர்டு என்று எது வந்தாலும் பார்ப்பேன். கடைசிப் பத்து வருஷத்தில் இன்னொரு வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. பழைய கருவிகளை ஆன்லைனில் விற்கிற வழக்கம் வந்த பிறகு, இன்ன வயசு, இன்ன மதிப்பு என்று கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். திட்டக்குடியிலிருந்தும் பெண்ணாடத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். ரிப்பேருக்கு வருகிறவர்கள் என்னை மெக்கானிக் என்பார்கள். சீட்டுக்கு வருகிறவர்கள் அய்யா என்பார்கள். அந்த அய்யா எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருத்தாசலம் பீங்கான் கம்பெனிகளுக்குப் பேர்போன ஊர், அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டு விசேஷத்தில் பீங்கான் கப்பில் காபி கொடுத்தாலும், குடித்து முடித்ததும் கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். சூளைக்குப் போகும் சாமானுக்கு மேலே பளபளப்பாக ஒரு கிளேஸ் பூசுவார்கள் இல்லையா, அதை அடியில் மட்டும் துடைத்து எடுத்துவிடுவார்கள். துடைக்காவிட்டால் வேகும்போது உருகி, உட்கார்ந்திருக்கிற தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் தெரியும் அந்த வெறும் மண் வளையம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்த்து, வேலை தெரிந்த கைதானா என்று எங்கள் ஊரில் பால்காரர்கூடச் சொல்லிவிடுவார். சூளைப் பக்கமே போகாத எனக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டிலேயே கப்பைக் கவிழ்த்து, மிச்சக் காபியை வேட்டியில் கொட்டிக்கொண்டவன் நான். எங்கள் வீட்டம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் பழைய போர்வையில் சுற்றிய மேண்டலினோடு கடைக்கு வந்தார். பெயர் தமிழரசி. கம்மாபுரம் பக்கத்தில் அரசுப் பள்ளி டீச்சர். மேண்டலின் அவருடைய அப்பாவுடையது. அப்பா ஏகாம்பரம் இந்த ஊர் செராமிக் கம்பெனி ஒன்றில் வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்கிற பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இறந்து ஆறு மாதம் ஆகிறது என்றார். என்ன மதிப்பு என்று ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

எதற்குச் சீட்டு என்று நான் கேட்கவில்லை. போர்வையைப் பிரித்ததுமே என் கண் வேறு இடத்துக்குப் போய்விட்டது. நம் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எத்தனையோ பிளாஸ்டிக் கிட்டாருக்கு நடுவில் என்றைக்காவது ஒரு நாள் ஒரு கருவி வரும். வந்ததும் கை பரபரக்கும். டீயை மறந்துவிடுவோம், போனை எடுக்க மாட்டோம், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அந்த ஆர்வத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இவ்வளவு காலம் இருந்தேன் என்றுகூடச் சொல்வேன். அன்றைக்கு வந்தது அப்படி ஒரு கருவி.

மேண்டலினின் தலைப் பகுதியில், தந்தியை முறுக்குகிற கீக்கள் பக்கத்துக்கு நான்காக எட்டு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எட்டுக் கீக்களின் நுனியிலும் விரல் பிடிக்கிற குமிழ்கள். பெரும்பாலும் அவை பிளாஸ்டிக்காக இருக்கும். இதில் இருந்தவை பிளாஸ்டிக் இல்லை. பாலேடு நிறத்தில், அவரைக் கொட்டை அளவில், எட்டும் ஒரே அச்சு. மேலே முடியைவிட மெல்லிய கோடுகள் ஓடின. உதட்டில் வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தந்தம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நேரத்தில் டீச்சர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"அந்தக் குமிழுங்க இருக்குதே சார், அது வந்து அப்பா…"

"கொஞ்சம் இருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று கையைக் காட்டினேன்.

அவர் நிறுத்திக்கொண்டார். பத்துப் பதினைந்து வார்த்தை பேச விட்டிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

பிறகு சோதனை என்ற பேரில் நான் செய்ததையும் கேளுங்கள். ஊசியைச் சூடாக்கிக் குமிழில் வைத்தேன். உருகவில்லை, ஆகவே பிளாஸ்டிக் இல்லை. எலும்போ தந்தமோ என்றால் முடி கருகுகிற நாற்றம் லேசாக வர வேண்டும். வரவில்லை. நல்ல தந்தமாக இருந்தால் வராது போலிருக்கிறது என்று நானே ஒரு புது விதியை அந்த நிமிஷத்தில் உண்டாக்கிக்கொண்டேன். பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரியான சின்னக் கண்ணாடியைத் துளை வழியாக உள்ளே விட்டு டார்ச் அடித்தேன். உள்ளே வெளிநாட்டு எழுத்தில் அச்சடித்த லேபிள், அதில் மையால் ஒரு நம்பர். துளையின் ஓரத்தில் பலகையைப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரிந்தது, அதாவது பிளைவுட். யாரோ பின்னால் பலகை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கீத் தகட்டில் எல்லாம் ஸ்டார் ஸ்க்ரூ. நூறு வயசுக் கருவியில் ஒற்றைக் கோட்டு ஸ்க்ரூதான் இருக்கும், ஸ்டார் ஸ்க்ரூ எப்படி வரும்? அதையும் யாரோ மாற்றியிருப்பார்கள். இப்படி ஒரு தந்தத்துக்காக மற்ற எல்லா சாட்சியையும் பொய்சாட்சி ஆக்கிவிட்டேன்.

சீட்டு எழுதினேன். வெளிநாட்டுத் தயாரிப்பு, நூறு வயசுக்கு மேல், தந்தக் குமிழ்கள் எட்டு, மதிப்பு ஒரு லட்சத்து இருபதாயிரம். நிஜமாகவே தந்தமாக இருந்தால் அதை விற்கவே சட்டம் இடம் கொடுக்காது, அந்த வார்த்தையைச் சீட்டில் எழுதி ஒரு குடும்பத்தின் கையில் கொடுப்பதே அவர்களை வம்பில் மாட்டிவிடுகிற காரியம் என்பதெல்லாம் என் புத்தியில் ஏறவேயில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாத பொருளுக்குப் பெயர் வைக்காதீர்கள்.

சீட்டைப் படித்ததும் டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

"அவ்ளோவா சார்?"

திடீரென்று அதிர்ஷ்டம் அடித்தால் மனுஷர்கள் அப்படித்தான் திகைத்துப்போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பத்திரமாக எடுத்துப் போங்கள் என்று நானே மறுபடி போர்வையில் சுற்றிக் கொடுத்தேன். அன்று முழுக்க எனக்கு நானே ராஜா.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் மறுபடி வந்தார். அதே போர்வை, அதே மேண்டலின். இரண்டாவது தந்தியின் கீக் குமிழ் கழன்று சும்மா சுற்றுகிறது, சரி பண்ணித் தர வேண்டும் என்றார்.

"ஞாயித்துக்கிழம பாண்டியிலேருந்து ஒருத்தரு வராரு சார், வாங்கறதுக்கு. வாசிச்சுப் பாப்பாரு. அப்பாவோடது கொறையோட போவக் கூடாது."

விற்கிறீர்களா, நல்ல விலைதானே என்று நான் உற்சாகமாகக் கேட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அப்பா போன பிறகு வீட்டுச் சாமானெல்லாம் அக்காளும் தம்பியும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்களாம். மேண்டலின் மட்டும் மிச்சம். தம்பி இளங்கோ நெய்வேலியில் வேலையில் இருக்கிறார், அவர் விற்றுவிடலாம் என்றார். அக்கா தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். சரி, தெரிந்த ஆளிடம் மதிப்புப் போடுவோம், அதில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு நீயே வைத்துக்கொள் என்று தம்பி சொல்லியிருக்கிறார். அக்காவும் ஒத்துக்கொண்டார். நியாயமான ஏற்பாடுதான். பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ வரும், பாதி கொடுத்துவிடலாம் என்று நினைத்து என்னிடம் வந்திருக்கிறார். நான் எழுதிய சீட்டுப்படி பாதி என்றால் அறுபதாயிரம். அது அவரால் முடியவில்லை. தம்பி என் சீட்டைப் படம் எடுத்து ஆன்லைனில் போட, பாண்டிச்சேரியில் பழைய பொருள் சேர்க்கிற ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நல்லது செய்தோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன், அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"நீங்க கேக்கலயே சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்டிருந்தால் நான் சட்டம் பேசியிருப்பேன். மேண்டலினைக் கொடுத்து, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வேலை கற்றுக்கொண்டது திருச்சியில் ஒரு முதலாளியிடம். அவர் யார் என்ன கருவி கொண்டுவந்தாலும் முதலில் அதைத் தொடவே மாட்டார். ஸ்டூலைப் போடுவார், தண்ணீர் கொடுப்பார், எந்த ஊர், யார் வாசிக்கிறார்கள், ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கால்மணி நேரம் பேசுவார். வியாபார தந்திரம் என்று நினைத்து எங்களுக்குள் கிண்டல் பண்ணிச் சிரிப்போம். என் கடையில் நானும் ஸ்டூல் போட்டிருந்தேன். அந்தக் கால்மணி நேரத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மேண்டலினை எடுத்தேன். பழைய குமிழ்களை அரக்கு வைத்துத்தான் கீக் கம்பியில் ஒட்டுவார்கள். சால்டரிங் ராடை கம்பியில் வைத்துச் சூடேற்றினேன். அரக்கு இளகி, குமிழ் என் உள்ளங்கையில் இருந்த துணியில் விழுந்தது. அதன் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகவே குமிழைக் கவிழ்த்தது.

அடியில், கம்பி நுழைகிற ஓட்டையைச் சுற்றி, கிளேஸ் இல்லாத வெறும் மண் வளையம். ஈரத் துணியால் ஒரே சுற்றில் துடைத்து எடுத்த சுத்தமான வளையம்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தந்தமாவது ஒன்றாவது. எங்கள் ஊர்ப் பீங்கான். நான் யானைத் தந்தத்தின் ரேகை என்று மெய்மறந்து பார்த்த கோடுகள், கிளேஸ் ஆறும்போது விழுகிற முடி விரிசல். விரலில் இருந்த வேர்வையும் அழுக்கும் அதில் ஏறி நிறம் கொடுத்திருக்கிறது. ஊரில் இருக்கிற கப்பையெல்லாம் கவிழ்த்துப் பார்க்கிறவன், தொழில் என்று வந்தபோது கவிழ்த்துப் பார்க்கவில்லை. அதுவும் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு. வெளியூர்க்காரர் யாராவது இந்தத் தப்பைப் பண்ணியிருந்தால் மன்னிக்கலாம்.

தந்தம் போனதும் மற்றவை வரிசையாக எழுந்து நின்றன. பிளைவுட்டை யாரும் மாற்றவில்லை, அது பிறந்ததே பிளைவுட்டோடுதான். ஸ்டார் ஸ்க்ரூக்களும் அப்படியே. லேபிளின் ஓரத்தைக் கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். அதன் அடியில் இன்னொரு பழைய லேபிளின் மூலை எட்டிப் பார்த்தது. எனக்கு முன்னாலேயே யாரோ ஓர் ஆசைக்காரர் வெளிநாட்டு லேபிளை ஒட்டியிருக்கிறார். உடம்பு அமைப்பைப் பார்த்தால் கல்கத்தாப் பக்கம் செய்த கருவி, ஐம்பது அறுபது வயசு இருக்கும். நல்ல கருவிதான், பன்னிரண்டாயிரம் பெறும்.

வெட்கத்தில் முகம் சுட்டது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், வெட்கத்தை மீறி எனக்கு ஒரு ஆர்வம் வந்துவிட்டது. யார் இதைச் செய்தது, எப்படிச் செய்தார்? பச்சை மண் சூளையில் வெந்தால் சுருங்கும். கீக் கம்பிக்குச் சரியாக உட்கார வேண்டுமென்றால், எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு ஓட்டையைப் பெரிதாக வைக்க வேண்டும். ஒரே தடவையில் இது வராது. இன்னொன்றும் பார்த்தேன். மேண்டலினுக்கு ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி. கர்நாடக முறையில் கமகம் பிடித்து வாசிக்கிறவர்கள் ஜோடியை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்தியாக வைத்துக்கொள்வார்கள். இதிலும் நான்கு தந்திதான் இருந்தது. மிச்ச நான்கு கீக்களுக்கு வேலையே இல்லை. ஆனாலும் அந்த மனுஷர் எட்டுக் குமிழும் செய்திருக்கிறார்.

இப்போது என்ன செய்வது? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். குமிழை அரக்கு வைத்துத் திரும்ப ஒட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். பாண்டிச்சேரிக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார், தம்பிக்குப் பணம், எனக்குப் பெயர். இந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் இருந்தது. டீச்சரைக் கூப்பிட்டு நல்ல சேதி சொல்லலாம் என்றும் தோன்றியது. ஆனால் அக்காவிடம் முதலில் சொன்னால், அக்காவே என்னைச் சரிக்கட்டிவிட்டார் என்று தம்பி நினைக்க மாட்டாரா? என் தப்பைத் திருத்தப் போய் அவர் பெயரைக் கெடுத்துவிடுவேன். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். திருத்தினால் யாருக்கு நஷ்டமோ அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆன்லைனில் அவர் போட்டிருந்த விளம்பரத்தைத் தேடி, அதில் இருந்த நம்பரில் இளங்கோவுக்குப் போன் போட்டேன்.

நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். அவரிடமிருந்து ஒரே கேள்விதான்.

"எங்க அக்கா உங்களுக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாக்கில் வந்ததைச் சொல்லாமல் விழுங்கியதை என் வாழ்க்கையின் சாதனைகளில் ஒன்றாகச் சொல்வேன். அவர் கேட்டதில் தப்பில்லை. தந்தம் என்று கையெழுத்துப் போட்டவன் பத்து நாளில் பீங்கான் என்றால் யார்தான் நம்புவார்கள்? நாளைக்கு வாங்குகிறவரையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு என் கடைக்கே வாருங்கள், நான் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் கண்ணால் பாருங்கள் என்றேன். டீச்சரிடம் மேண்டலின் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மூவரும் வந்தார்கள். பாண்டிச்சேரிக்காரர் மரியாதையான ஆள், கண்ணாடி போட்டவர், பழைய பொருளைத் தொடுகிற கை பழகிய கை. நான் இளங்கோவிடமிருந்து என் சீட்டை வாங்கி மேஜையில் வைத்து, இதை எழுதியது நான், இது தப்பு என்று ஆரம்பித்தேன். டார்ச்சையும் கண்ணாடியையும் அவரிடமே கொடுத்தேன். லேபிளின் அடியில் இருக்கும் லேபிளை அவரே பார்த்தார். பிளைவுட்டைப் பார்த்தார், ஸ்க்ரூவைப் பார்த்தார். கழற்றி வைத்திருந்த குமிழை நான் இளங்கோவின் கையில் கொடுத்தேன்.

"அடியப் பாருங்க தம்பி. உங்கப்பா கைவேலையாத்தான் இருக்கும்."

அவரும் எங்கள் ஊரில் பிறந்தவர்தானே. கவிழ்த்துப் பார்த்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

பாண்டிச்சேரிக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இது தெரியாமல் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். ஆசைதான் என்றேன். இனிமேல் உங்கள் சீட்டை நம்பி எதையும் வாங்க மாட்டேன் என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அடுத்த ஒரு வருஷம் சீட்டு கேட்டு அவ்வளவாக யாரும் வரவில்லை, அவர் வாய் அதற்குக் காரணமாக இருக்கலாம். அதற்கு நான் லாயக்குதான்.

இளங்கோ இன்னும் குமிழை வைத்துக்கொண்டு நின்றார்.

"பீங்கானே இருக்கட்டும். எங்கப்பா பண்ணதுன்னு என்ன இருக்குது? எங்கியாவது வாங்கி மாட்டியிருப்பாரு" என்றார். குரலில் இன்னும் சந்தேகம் இருந்தது.

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு இந்தக் குமிழப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே டீச்சர். நான்தான் நிறுத்திட்டேன். இப்ப சொல்லுங்க."

அவர் சொன்னார். ஜங்ஷனில் வேலை பார்த்த ரயில்வே கார்டு ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அப்பா இதை அவரிடம் வாங்கினாராம். அப்போதே குமிழெல்லாம் பிஸ்கட் மாதிரி பொடிந்துபோய் இருந்ததாம். அப்பா கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் மண்ணில் குமிழ் பிடித்து, வீட்டு ஜன்னலில் வரிசையாகக் காய வைப்பாராம். பிறகு மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஃபியூஸ் கட்டைகளோடு ஒரு ஓரமாகச் சூளையில் வைப்பாராம்.

"மொதல் தடவ கிளேஸ் ஓடி ஓட்டய அடச்சிக்கிச்சு சார். ரெண்டாவது தடவ ஓட்ட சுருங்கி கம்பி நொழயல. மூணாவது தடவதான் சரியா வந்துச்சு. வீணாப் போனதெல்லாம் எங்களுக்கு வெளயாடக் குடுத்துட்டாரு."

இளங்கோ விரலில் குமிழை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"கயிறு போவாது."

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"ஆட்டுக்குட்டிக்கு மால கோக்கலாம்னு பாத்தேன். ஓட்ட அடச்சிருக்கும். எச்ச தொட்டுத் தொட்டுப் பாத்தேன், கயிறு போவல."

"நீ அழுத" என்றார் அக்கா. "அடுத்த தடவ அப்பா ஓட்டய பெருசா வச்சாரு. உனக்காகத்தான் பெருசு பண்ணாருன்னு தெரு முழுக்க சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

"எனக்காக இல்லியா அப்ப?"

"இதுக்காகடா" என்று டீச்சர் மேண்டலினைத் தொட்டுக் காட்டினார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடியும்போது இளங்கோ கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன், இளங்கோவிடமும் கேட்டேன். புதுச் சீட்டு எழுதினேன். முதல் வரியிலேயே, முன்பு கொடுத்த சீட்டு என் தவறு, அது செல்லாது என்று எழுதினேன். பேசினபடி பாதியைத் தம்பி வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று அவர் வள்ளல்தனம் காட்டவில்லை, விட்டுக்கொடுப்பார் என்று அக்காவும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. கணக்கு நேராக இருந்தால் அக்கா வீட்டுக்கு அவர் தலைநிமிர்ந்து போகலாம். போகிற நேரத்தில்தான் இளங்கோ கையை விரித்து அந்தக் குமிழைக் காட்டினார்.

"அக்கா, இத மட்டும் நான் எடுத்துக்கவா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். ரிப்பேர்காரனாக நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. முடியும் என்றேன். வேலையில்லாத நான்கு கீக்களில் ஒன்றிலிருந்து குமிழைக் கழற்றி இரண்டாவது தந்திக்கு மாட்டினேன். காலியான இடத்தில் ஒரு சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் குமிழை வைத்தேன். இளங்கோ தன் பங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "போயிட்டு வரேன் சார்" என்றார். பணத்தை வைத்தது வேறு பையில்.

பழைய சீட்டை நான் கிழிக்கவில்லை. கடையை மூடுகிற நாள் வரைக்கும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. யாராவது என்னை அய்யா என்று கூப்பிட்டால் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

தமிழரசி டீச்சருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. அவர் இப்போது அந்த மேண்டலினில் பாடம் பழகுகிறார் என்று கேள்விப்பட்டேன். எப்படி வாசிக்கிறார் என்று கேட்காதீர்கள், நான் போய்க் கேட்டேன், அதைப் பற்றி எழுத மாட்டேன். ஆனால் பழகப் பழகக் கருவிக்கு ரிப்பேர் வரும், நானோ கடையை மூடிவிட்டேன். ஆகவே என்றைக்காவது ஒரு நாள், உங்களில் யாரோ ஒருவருடைய மேஜைக்கு அந்த மேண்டலின் வரும். ஏழு குமிழ் பாலேடு நிறத்தில், ஒன்று மட்டும் மட்டமான பிளாஸ்டிக். படம் எடுத்துக் குழுவில் போட்டு விலை கேட்காதீர்கள். கொண்டுவந்தவருக்கு ஸ்டூலைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, எட்டாவது குமிழ் எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். கையைக் காட்டி நிறுத்தாதீர்கள்.